மீசையைப் பற்றி இரண்டாவது விமர்சனம்

படம் ஓடியது பதினோரு நாள்.
நான் எழுதியது ஏழெட்டு வரி.
"சண்டைக் காட்சியில் மீசை
நாயகனைவிட்டுப் பிரிந்து
தனியே போய் ஒருவனை அடித்துவிட்டுத்
திரும்பி வந்து உதட்டில் உட்காருகிறது.
அடுத்த படத்துக்கு
மீசையிடமே கால்ஷீட் கேட்கலாம்."

பக்கம் போடும்போதே அமானுல்லா சிரித்தார்.
சைதாப்பேட்டை டீக்கடை சிரித்தது.
காட்பாடி தாண்டி ரயிலில் ஒருவர்
என் வரியை எனக்கே சொல்லிக் காட்டி
"எவன் எழுதினான்னு தெரியல சார்,
உடம்பெல்லாம் குசும்பு" என்றார்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
காய்ந்த பாலாறு நெடுக
என் பல் தெரிந்தது.

இந்த ஊருக்குக் கேலி புதிதில்லை.
மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு,
அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று
யாரோ என்றோ கட்டிவிட்ட வசை.
கோயிலுக்குச் சாமி வந்து
நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது.
ஆறு ஒரு கார்த்திகையில் வந்து
தரைப்பாலத்தைக் கேட்காமல் மூழ்கடித்துவிட்டுப் போனது.
வசை மட்டும்
தேய்ந்த பழைய பிரிண்ட்டிலேயே ஓடுகிறது.
ஐந்தாவதாக ஒரு வரி உண்டு, பெண்களைப் பற்றி.
அதை நான் சொல்வதில்லை.
முதல் நான்கையும் பார்த்துச் சொன்னவன்
ஐந்தாவதைக் கைதட்டலுக்குச் சொன்னான்.

எத்திராஜ் வந்தது மே மாதத்து மத்தியானம்.
பத்திரிகை ஆபீஸ் படியில் தகரப்பெட்டியை வைத்தார்.
"மீசை நான்தான் ஒட்டினேன்."
கோபம் இருக்கவேண்டிய இடத்தில்
வேர்வை இருந்தது.

"நல்ல பசை கேட்டேன் சார்.
இருக்கிறத வச்சு ஒட்டுன்னாங்க கம்பெனியில.
நூத்தியேழு டிகிரி, மலை மேல.
பொறந்த மீசையே உதிர்ந்துடும்.
நீங்க எழுதினதப் படிச்சு நானும் சிரிச்சேன்.
நல்லாத்தான் இருந்துச்சு.
அடுத்த படத்துக்கு என்னக் கூப்பிடல."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.
செம்பை வைத்துவிட்டு,
"ஒண்ணு மட்டும் கேக்கணும்.
பஸ் ஸ்டாண்டுல அந்தப் பொண்ண
ஹீரோ அறையறான்ல,
கொட்டாயே எழுந்து விசிலடிச்சுதே,
அதப் பத்தி ஒரு வரியும் வரலையே.
கன்னத்துல செவப்பு போட்டதும் நான்தான்.
அது நல்லா ஒட்டிக்கிச்சு."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு
பள்ளிகொண்டா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பார்த்திருந்தேன் அந்த அறையை.
இருட்டில் என் கை
என்ன செய்துகொண்டிருந்தது என்று
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.
மீசை சுலபம்.
அறையைக் கிண்டல் செய்தால்
விசிலடித்தவனையும் சேர்த்துக் கிண்டல் செய்யவேண்டும்.
அவன்தான் ஐந்து ரூபாய் கொடுத்து
எங்கள் பத்திரிகை வாங்குகிறவன்.

இலவம்பாடிக் கத்தரிக்காய்க்குக் காம்பில் முள்.
பறிக்கிற கையைத்தான் குத்தும்.
தின்கிற வாயை
அது ஒருநாளும் குத்தியதில்லை.
அந்த முள்ளை வைத்துக்கொண்டுதான்
ஒன்பது வருஷம்
பத்தி எழுதியிருக்கிறேன்.

அன்று ராத்திரி மறுபடி எழுதினேன்:
"கன்னத்துச் சிவப்பு பிரமாதம். ஒப்பனை, எத்திராஜ்.
அறைந்தவருக்கு நடிப்பு வரவில்லை,
பழக்கம்போலத்தான் தெரிந்தது.
விசிலடித்த நாம்
மிகக் கச்சிதம்,
ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை."

அமானுல்லா இரண்டு தரம் படித்தார்.
சிரிக்கவில்லை.
"படம்தான் போயிடுச்சே" என்றார்.
அரைப் பக்கம் நகைக்கடை விளம்பரம் வந்திருக்கிறது,
அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.
அந்த அடுத்த வாரத்துக்கும்
ஒரு நகைக்கடை இருந்தது.

பழைய பத்திரிகையைக் கத்தரித்து
கோப்பில் வைத்திருக்கிறேன்.
மீசை வரியை அடித்துவிடலாமென்று
பேனாவைத் திறந்தேன்.
படித்தேன்.
எத்திராஜ் சொன்னதுதான்,
நல்லாத்தான் இருந்துச்சு.
மூடிவிட்டேன்.